இலச்சினையும் வாக்குறுதியும்: நிறுவன அடையாளத்தின் அகமும் புறமும்

1

கவிதை, நாவல், நாடகம், ஓவியம் ஆகியன திறனாய்வுக்குரிய பொருள்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின் வணிக நிறுவனமொன்றின் இலச்சினையோ புகையிரத நிலையமொன்றின் பெயர்ப்பலகையோ திறனாய்வாளரின் கவனத்தைப் பெறுவது அரிது. அவை விளம்பரத் துறையினரின் அக்கறைக்குரியன என்றும் அழகியலின் எல்லைக்குப் புறம்பானவை என்றும் பொதுவாகக் கருதப்படுகின்றன. இக்கருத்து மீள்பரிசீலனைக்குரியது. ஆண்டு முழுவதும் நூலொன்றைக் கையிலெடுக்காத ஒருவரும் இலச்சினையைக் காணாது ஒரு நாளைக் கழித்தல் இயலாது. சவர்க்காரப் பொதியிலும் மருந்துப் போத்தலிலும், வங்கியின் முகப்பிலும் பஸ் வண்டியின் பக்கத்திலும், கைத்தொலைபேசியின் திரையிலும் அஃது அவரை எதிர்கொள்கின்றது. எதனை வாங்குவது, எதில் ஏறுவது, எவரை நம்புவது என்னும் தீர்மானங்களில் அது பங்குகொள்கின்றது. இத்துணைப் பரவலாக மக்களைச் சென்றடையும் ஒரு வடிவத்தை ஆராயாது விடுவது திறனாய்வின் குறைபாடேயன்றி அவ்வடிவத்தின் குறைபாடன்று.

சிறந்த இலச்சினை எது என்னும் வினாவுக்கு வழக்கமாக இருவகை விடைகள் கூறப்படுகின்றன. வடிவமைப்பாளர் அதன் எளிமையையும் தனித்தன்மையையும் சுட்டுவர். வணிகர் அதனால் பெருகிய விற்பனையைச் சுட்டுவர். முன்னைய விடை இலச்சினையை வரைபலகையோடு நிறுத்திவிடுகின்றது. பின்னையது அதனைக் கணக்கேட்டுக்குள் அடக்கிவிடுகின்றது. இலச்சினைக்குப் பொருள் எங்கிருந்து வருகின்றது என்னும் அடிப்படை வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. அவ்வினாவை முதன்மைப்படுத்தி நோக்குமிடத்து, நிறுவன அடையாளம் என வழங்கப்படுவதற்கு அகம், புறம் என இரு கூறுகள் உண்டென்பதும், அவற்றுள் ஒன்றனை மட்டும் பேணி மற்றையதைப் புறக்கணிக்கும் நிறுவனத்தின் இலச்சினை எத்துணை அழகியதாயினும் ஈற்றில் அதற்கெதிராகவே சான்று பகரும் என்பதும் புலனாகும்.

2

பண்டங்கள்மீது குறியிடும் வழக்கம் பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய பண்டங்கள்மீதும் அங்கிருந்து ஏற்றப்பட்ட பண்டங்கள்மீதும் சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டமையைப் பட்டினப்பாலை விவரிக்கின்றது. அக்குறி பண்டத்தைச் செய்தவரைப் பற்றி எதனையும் தெரிவிக்கவில்லை. பண்டம் அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டு வெளியேறுகின்றது என்பதே அதன் பொருள். கால்நடைகளுக்குக் குறிசுடும் வழக்கம் இதனின்று சற்று வேறுபட்டது. அது உடைமையைத் தெரிவித்தது. இன்று உலகெங்கும் வணிகப் பெயர்களைக் குறிக்க வழங்கும் 'பிராண்ட்' என்னும் ஆங்கிலச் சொல், எரித்தல், சுடுதல் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லின் வழிவந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆகவே, பழைய குறிகள் ஆணையையும் உடைமையையும் அறிவித்தன. காண்பவரிடம் அவை எதனையும் வேண்டி நிற்கவில்லை.

கைத்தொழிற் புரட்சி இந்நிலையை மாற்றியது. ஊர்ச் சந்தையில் துணி வாங்குபவர் அதனை நெய்தவரை அறிவார்; எண்ணெய் வாங்குபவர் செக்குக்காரரை அறிவார். பண்டத்தின் தரத்துக்கு அதனைச் செய்தவரின் முகமே பிணையாக நின்றது. ஆலை உற்பத்தியும் புகையிரதப் போக்குவரத்தும் செய்பவரையும் வாங்குபவரையும் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாற் பிரித்தபோது அம்முகம் மறைந்தது. அதன் வெற்றிடத்தை நிரப்பவே வியாபாரக் குறி தோன்றியது. பிரித்தானியாவில் 1875ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வியாபாரக் குறிப் பதிவுச் சட்டம் 1876 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் முதலாவதாகப் பதிவுபெற்றது பாஸ் என்னும் மதுவடிப்பு நிறுவனத்தின் சிவப்பு முக்கோணமாகும். 1882இல் பிரெஞ்சு ஓவியர் எதுவா மனே தீட்டிய மதுச்சாலை ஓவியத்தில் அம்முக்கோணம் பொறித்த போத்தல்கள் காணப்படுகின்றன. பதிவாகி ஆறே ஆண்டுகளுக்குள் ஆங்கிலக் குறியொன்று பாரிஸ் நகரத்து ஓவியத்தினுட் புகுந்தமை அக்காலச் சந்தையின் வேகத்துக்குச் சான்றாகும்.

சட்டத்தின் பார்வையில் வியாபாரக் குறி பண்டத்தின் மூலத்தைத் தெரிவிப்பது. ஆயின் வாங்குபவர் மூலத்தை மூலத்துக்காக நாடுவதில்லை. நேற்று வாங்கிய போத்தலில் இருந்தது எதுவோ அதுவே நாளை வாங்கும் போத்தலிலும் இருக்கும் என்னும் உறுதியையே அவர் நாடுகின்றார். எனவே நவீன இலச்சினை அடிப்படையில் ஒரு வாக்குறுதி. ஆணையாகவும் உடைமையாகவும் இருந்த குறி வாக்குறுதியாக மாறிய இம்மாற்றமே இலச்சினை பற்றிய எந்த மதிப்பீட்டுக்கும் தொடக்கப்புள்ளியாதல் வேண்டும். வாக்குறுதியை மதிப்பிடும் அளவுகோல் அழகு ஒன்றேயாக இருத்தல் இயலாது.

3

இலச்சினையின் புற இயல்புகளை விளங்கிக்கொள்வதற்கு இலண்டன் சுரங்கப் புகையிரதத்தின் வரலாறு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரின் சுரங்கப் பாதைகள் பல்வேறு கம்பனிகளாற் போட்டி மனப்பான்மையுடன் நடத்தப்பட்டன. 1908இல் அவை 'அண்டர்கிரவுண்ட்' என்னும் பொதுப்பெயரின்கீழ்த் தம்மை விளம்பரப்படுத்த உடன்பட்டன. அவ்வாண்டிலேயே விளம்பரப் பொறுப்பு பிராங் பிக் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1878இற் பிறந்த பிக் சட்டம் பயின்றவர், ஓவியரல்லர்.

அன்றைய மேடைகளின் சுவர்கள் விளம்பரத் தாள்களால் நிறைந்திருந்தன. வண்டி நிலையத்தினுள் நுழையும்போது பயணி நிலையத்தின் பெயரைத் தேடிக் களைத்தார். இப்பிரச்சினைக்கு விடையாகவே 1908இல் செந்நிற வட்டத்தின் குறுக்கே நீலப்பட்டை இட்டு, அதில் நிலையத்தின் பெயரை வெண்ணிறத்தில் எழுதும் பலகைகள் அமைக்கப்பட்டன. உலகின் மிகப் புகழ்பெற்ற இலச்சினைகளுள் ஒன்றின் தோற்றம் இதுவே. நிறுவனத்தின் பெருமையைப் பறைசாற்றுவதற்காக அன்றி, 'இஃது எந்த நிலையம்?' என்னும் பயணியின் கேள்விக்கு விடையளிப்பதற்காகவே அது பிறந்தது. விளம்பரங்கள் ஒட்டுவதற்கு வரையறுத்த இடங்களை ஒதுக்கி, பெயர்ப்பலகையைச் சூழ வெற்றிடம் விட்டமையும் பிக்கின் ஏற்பாடாகும். வெற்றிடமும் இலச்சினையின் ஒரு பகுதி என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இரண்டாவது படி எழுத்து வடிவம் பற்றியது. பிக்கின் வேண்டுகோளை ஏற்று, கையெழுத்துக் கலையை இங்கிலாந்தில் மறுமலர்ச்சியுறச் செய்த எட்வேட் ஜோன்ஸ்ரன் 1916இல் புதிய எழுத்து வடிவமொன்றினை உருவாக்கினார். எழுத்தின் முனைகளில் இடப்படும் சிறு கோடுகள் அதில் இல்லை. தடிப்பு ஒரே சீரானது. ஆயினும் அதன் பேரெழுத்துகளின் அளவு விகிதங்கள் பண்டைய உரோமர் கல்வெட்டுகளிலிருந்து பெறப்பட்டவை. 'ஓ' என்னும் எழுத்து முழுவட்டம். 'ஐ' என்னும் சிற்றெழுத்தின் தலையிலுள்ள புள்ளி சாய்சதுரம். ஓடும் வண்டியிலிருந்து வாசிக்கக்கூடிய தெளிவும், விளம்பரத் தாள்களின் எழுத்துகளோடு மயங்காத தனித்தன்மையும் இவற்றால் ஏற்பட்டன. இலச்சினையையும் ஜோன்ஸ்ரன் திருத்தியமைத்தார். நிறைந்த வட்டம் அவர் கையில் வளையமாயிற்று. பட்டையின் நீளமும் வளையத்தின் தடிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்த அளவிடப்பட்டன.

இவ்விலச்சினையை ஆராயுமிடத்துச் சில பொதுவிதிகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, சிறுவனொருவன் ஒருமுறை கண்டு மீண்டும் மண்ணில் விரலால் வரையக்கூடிய எளிமை அதற்கு உண்டு. இரண்டாவது, தூரத்திலும் விரைவிலும் மங்கலான வெளிச்சத்திலும் அது சிதைவதில்லை. மூன்றாவது, கட்டடத்தின் முகப்பில் பல அடி விட்டமாகவும் பிரயாணச் சீட்டில் விரல்நக அளவாகவும் அது ஒருங்கே நிற்கின்றது. நான்காவது, நிறத்தை நீக்கிக் கறுப்பில் அச்சிட்டாலும் அதன் உருவம் நிலைக்கின்றது. ஐந்தாவது, அது எதனையும் படமாக வரைந்து காட்டவில்லை. புகையிரத இயந்திரத்தையோ சுரங்கத்தையோ வரைந்திருப்பின், இயந்திரத்தின் தோற்றம் மாறிய காலத்து இலச்சினையும் பழமைப்பட்டிருக்கும். படமாக இன்றிக் குறியாக அமைந்தமையினாலேயே நூற்றாண்டு கடந்தும் அது முதுமையடையவில்லை.

4

இலச்சினை ஒரு சொல் எனின், நிறுவன அடையாளம் ஒரு மொழி. சொல்லொன்றை ஆக்கிவிடுவதால் மொழி ஆகிவிடுவதில்லை. அதற்கு இலக்கணமும் தொடர்ச்சியான வழக்கும் வேண்டும். இவ்வுண்மையைச் செயலளவில் முதன்முதலாக நிறுவியோருள் ஜேர்மனியரான பீற்றர் பேரன்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1907இல் ஏ.ஈ.ஜி. என்னும் மின்சாரக் கம்பனியின் கலை ஆலோசகராக நியமனம் பெற்ற அவர், அதன் இலச்சினையை மட்டுமன்றி விலைப்பட்டியல்கள், மின்விளக்குகள், நீர்க்கொதி கேத்தல்கள், தொழிற்சாலைக் கட்டடங்கள் ஆகிய அனைத்தையும் ஒரே நோக்கில் வடிவமைத்தார். 1909இல் பேர்லினில் எழுந்த அவரது விசையாழித் தொழிற்கூடம் நவீன கட்டடக்கலை வரலாற்றில் தனியிடம் பெற்றுள்ளது. கேத்தலுக்கும் தொழிற்கூடத்துக்கும் ஒரே சிந்தனை பொருந்தும் என்பது அக்காலத்திற் புதுமையான கருத்தாகும்.

இலண்டனில் இவ்வொருசீர்மை மேலும் விரிந்தது. 1926இல் திறக்கப்பட்ட மோர்டன் நீட்சிப் பாதையின் நிலையங்களைக் கட்டடக் கலைஞர் சாள்ஸ் ஹோல்டன் வடிவமைத்தபோது வளைய இலச்சினை முகப்புக் கண்ணாடியின் நடுவே கட்டடத்தின் உறுப்பாகவே அமைந்தது. 1933இல் இலண்டன் பிரயாணிகள் போக்குவரத்துச் சபை உருவாகி, சுரங்கப் புகையிரதம், பஸ், டிராம் ஆகியன பொது நிருவாகத்தின்கீழ் வந்தபோது அவ்விலச்சினை நகரம் முழுவதற்கும் உரியதாயிற்று. அதே ஆண்டில் ஹரி பெக் என்னும் வரைவாளரின் புகழ்பெற்ற பாதைப் படம் வெளியாயிற்று. 1931இல் அவர் வரைந்த அப்படம் மிகவும் புரட்சிகரமானது எனக் கருதப்பட்டு முதலில் நிராகரிக்கப்பட்டது. நிலப்பரப்பின் உண்மைத் தூரங்களை விடுத்து, கிடைக்கோடு, நிலைக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவற்றால் மட்டும் பாதைகளை அது காட்டியது. பயணிக்குத் தேவையானது எங்கு ஏறுவது, எங்கு மாறுவது என்பதே என்னும் தெளிவு அதன் அடிப்படை. நிலையத்தின் பெயரைத் தெளிவாகக் காட்டிய 1908இன் பலகையும் பயணத்தைத் தெளிவாகக் காட்டிய 1933இன் படமும் ஒரே மனப்பாங்கின் இரு வெளிப்பாடுகள் எனலாம்.

ஈண்டு ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்தல் அவசியம். ஒருசீர்மை என்பது ஒரேமாதிரித் தன்மையன்று. பிக் தமது சுவரொட்டிகளை ஒரே பாணியில் வரைவிக்கவில்லை. நவீன ஓவியரும் மரபுவழி ஓவியரும் அவரால் அழைக்கப்பட்டனர். 1938இல் மான் ரே உருவாக்கிய சுவரொட்டியில் வளைய இலச்சினை சனிக் கிரகத்துக்கு இணையாக விண்ணில் மிதக்கின்றது. மாறாதிருக்க வேண்டியது எது, மாறலாவது எது என்னும் வேறுபாட்டை அறிந்தமையே பிக்கின் சிறப்பு. எழுத்து, இலச்சினை, அளவு விகிதம் ஆகியன மாறாதவை. ஓவியம், பொருள், மனநிலை ஆகியன மாறுபவை. இராகத்தின் வரம்புக்குள் பாடகர் கற்பனைசுரம் பாடுவதை இதற்கு ஒப்புமை கூறலாம். வரம்பு இல்லையேல் கற்பனை வெறும் ஓசையாகும். கற்பனை இல்லையேல் வரம்பு வெறும் பயிற்சியாகும்.

மாறாதவையும் காலத்துக்கேற்பப் பேணப்படல் வேண்டும். ஜோன்ஸ்ரனின் எழுத்து புதிய அச்சு முறைகளுக்குப் பொருந்தாத நிலை ஏற்பட்டபோது, யப்பானிய வடிவமைப்பாளர் எயிச்சி கோனோ 1979இல் அதனைச் செப்பனிட்டார். நூற்றாண்டு நிறைவுற்ற 2016இல் மீண்டும் அது புதுக்கப்பட்டது. இரு தடவையும் அதன் இயல்பு கைவிடப்படவில்லை. தலைமை மாறுந்தோறும் இலச்சினையை மாற்ற விரும்பும் நிறுவனங்கள் கற்கவேண்டிய பாடம் இதுவாகும். புதிய இலச்சினை பெரும்பாலும் புதிய நிருவாகத்தின் தன்முனைப்பை அறிவிக்கின்றது. பழைய இலச்சினையோ மக்களின் ஞாபகத்தைத் தன்னகத்தே கொண்டுள்ளது. ஞாபகத்தை எந்த வடிவமைப்பாளராலும் வரைந்து கொடுத்தல் இயலாது.

5

இதுவரை கூறியவை புற ஒருசீர்மை பற்றியன. ஓரிடத்து இலச்சினைக்கும் மற்றோரிடத்து இலச்சினைக்கும் உள்ள இசைவு அது. விதிநூலொன்றால் அதனை நிலைநாட்டலாம். இலச்சினைக்கும் நிறுவனத்தின் நடத்தைக்கும் உள்ள இசைவு வேறொன்று. அதனை அக ஒருசீர்மை எனலாம். விதிநூல் எதனாலும் அதனை உண்டாக்குதல் சாலாது.

புற ஒருசீர்மையின் சிகரமாகப் போற்றப்படும் இலண்டன் சுரங்கப் புகையிரதமே இதற்குக் கொடிய சான்றினையும் அளித்தது. 1987 நவம்பர் 18ஆந் திகதி மாலை கிங்ஸ் குரொஸ் நிலையத்தில் மரத்தாலான நகரும் படிக்கட்டொன்றின் கீழ்ப் பற்றிய தீ 31 உயிர்களைக் குடித்தது. எரியும் தீக்குச்சியொன்று படிக்கட்டின் இடுக்கினூடாக விழுந்து, அடியில் நெடுங்காலம் சேர்ந்து கிடந்த மசகெண்ணெயையும் தூசியையும் பற்றவைத்தது என விசாரணையில் முடிவுசெய்யப்பட்டது. சுரங்க நிலையங்களிற் புகைத்தல் 1985இலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. தடையை அறிவிக்கும் பலகைகள் இருந்தன; தடை முறையாக நடைமுறைப்படுத்தப்படவில்லை. 1988இல் வெளியான விசாரணை அறிக்கை மேலும் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டிற்று. படிக்கட்டுகளில் அவ்வப்போது தீப்பற்றியபோது 'தீ' என்னும் சொல்லைத் தவிர்த்து, 'கனன்று புகைதல்' என்னும் பொருள்படும் சொல்லொன்றினால் அதனைக் குறிப்பிடும் வழக்கம் நிறுவனத்தினுள் நிலவிற்று என்பதே அது.

மொழியை ஆராய்வோர் இச்செய்தியைக் கூர்ந்து நோக்குதல் தகும். எழுத்தின் வடிவத்தில் ஒரு மயிரிழையும் பிசகாத நிறுவனம், சொல்லின் பொருளில் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டது. பெயர்ப்பலகைகள் அன்றும் தெளிவாகவே இருந்தன. தெளிவு பலகையோடு நின்றுவிட்டது. பயணியின் கேள்விக்கு நேரான விடையளித்தல் என்னும் 1908இன் நோக்கம் நிருவாகத்தின் உள்ளுறைப் பேச்சிலிருந்து நழுவியிருந்தது. அவ்வனர்த்தத்தின் பின்னர் இலச்சினை மாற்றப்படவில்லை. நிறுவனத் தலைவர்கள் பதவி விலகினர். 1989இல் புதிய தீப்பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வந்தன. மரப் படிக்கட்டுகள் படிப்படியாக அகற்றப்பட்டு, இறுதியாக எஞ்சியதும் 2014இல் நீக்கப்பட்டது. இழந்த நம்பிக்கையை மீட்டவை இம்மாற்றங்களேயன்றிப் புதிய வண்ணமோ வடிவமோ அன்று.

இதற்கு நேர்மாறான வழியைப் பின்பற்றியது பி.பி. என்னும் எண்ணெய்க் கம்பனி. நெடுங்காலம் கேடய வடிவ இலச்சினையைக் கொண்டிருந்த அக்கம்பனி, 2000ஆம் ஆண்டில் பச்சையும் மஞ்சளும் வெண்மையும் கலந்த, சூரியனையும் மலரையும் ஒருங்கே நினைவூட்டும் புதிய இலச்சினையை ஏற்றுக்கொண்டது. பெற்றோலியத்துக்கு அப்பாற் செல்வதாகவும் அது விளம்பரம் செய்தது. வடிவமைப்பு என்ற அளவில் அவ்விலச்சினை குறைகூற இயலாதது: சமச்சீரானது, எளிதில் நினைவில் நிற்பது, எரிபொருள் நிலையத்தின் கூரையிலும் சிறு அட்டையிலும் ஒருங்கே பொருந்துவது. ஆயின் கம்பனியின் முதன்மைத் தொழில் எண்ணெயும் எரிவாயுவுமாகவே இருந்தது. 2010 ஏப்ரல் 20ஆந் திகதி மெக்சிக்கோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' துளைமேடை வெடித்து 11 தொழிலாளர் மாண்டனர். ஏறத்தாழ 3 மாதங்கள் எண்ணெய் கடலிற் பாய்ந்தது. அக்காலத்தில் சுற்றாடல் இயக்கமான கிறீன்பீஸ் அவ்விலச்சினையைத் திருத்தி வரையும் போட்டியொன்றினை நடத்திற்று. பச்சை மலர் எண்ணெயில் தோய்ந்த மலராக எண்ணற்ற கைகளால் வரையப்பட்டது. 2011இன் இறுதியில் கம்பனி தனது சூரியசக்தித் தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. இலச்சினையில் சூரியன் மட்டும் எஞ்சிற்று.

இலச்சினை எத்துணை வலுவுடையதோ அத்துணை வலுவுடன் அது பொய்யையும் நினைவில் நிறுத்தும் என்பது இதனாற் பெறப்படுகின்றது. சாதாரணமான கேடயச் சின்னத்தைக் கேலிசெய்வதிற் பெரும் சுவையில்லை. தூய்மையை வாக்களித்த மலரே கறைபடுவதற்கும் ஏற்ற வெண்துணியாக அமைந்தது.

அகம் முற்றாக மறைந்தபின் புறம் மட்டும் உலவும் நிலையும் உண்டு. பேரன்ஸ் உருவாக்கிய அடையாளத்தைத் தாங்கிய ஏ.ஈ.ஜி. நிறுவனம் நிதி நெருக்கடிகளுக்கு உள்ளாகி, 1996இற் கலைக்கப்பட்டது. அதன் பெயரோ பிற கம்பனிகளின் உடைமையாகி இன்றும் வீட்டு உபகரணங்கள்மீது விளங்குகின்றது. செய்தவரின் முகத்துக்குப் பிணையாகத் தோன்றிய குறி, முகத்தினின்று முற்றாக விடுபட்டுத் தனியே வாங்கி விற்கப்படும் சரக்காகிவிட்டமையை இது காட்டுகின்றது.

6

இத்தகைய எடுத்துக்காட்டுகளை முன்வைத்து, இலச்சினை என்பதே மூலதனத்தின் முகமூடி எனவும் அதனை ஒட்டுமொத்தமாக நிராகரித்தலே முற்போக்கான நிலைப்பாடு எனவும் வாதிடுவோர் உளர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நயோமி கிளைன் எழுதிய 'நோ லோகோ' என்னும் நூல் இத்துறையிற் பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது. பெருங் கம்பனிகள் பண்டங்களைச் செய்வதை வறிய நாடுகளின் ஒப்பந்தத் தொழிற்சாலைகளிடம் விட்டுவிட்டு, பெயரையும் படிமத்தையும் உற்பத்தி செய்வதையே தமது தொழிலாகக் கொண்டுவிட்டன என்பது அந்நூலின் மையக் கருத்து. இக்கருத்தின் வலிமை மறுக்கற்பாலதன்று. ஆயினும் முழுநிராகரிப்பு பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. போலி மருந்துக்கும் உண்மை மருந்துக்கும் இடையே நோயாளி வேறுபாடு காண்பது குறியினாலேயே. பொதுப் போக்குவரத்தைத் தேடும் அயலூர்ப் பயணிக்கு வளைய இலச்சினை முகமூடியன்று, கைகாட்டி. எனவே வினவவேண்டியது இலச்சினை வேண்டுமா, வேண்டாவா என்பதன்று. அஃது எவருக்கு, எதனை வாக்களிக்கின்றது, எவரைப் பற்றி மௌனம் சாதிக்கின்றது என்பதே.

இவ்வினாவை இலங்கையரின் கைக்கெட்டிய பண்டமொன்றின்மீது பிரயோகித்துப் பார்க்கலாம். இலங்கைத் தேயிலைச் சபைக்குரிய சிங்க இலச்சினை உலகச் சந்தையில் நன்கு அறிமுகமானது. வாளேந்திய சிங்கமும் அதன்கீழ்த் தரத்தின் சின்னம் எனப் பொருள்படும் ஆங்கில வாசகமும் கொண்ட அதனை விரும்பிய எவரும் பயன்படுத்துதல் இயலாது. பொதியினுள் இருப்பது முற்றிலும் இலங்கைத் தேயிலையாக இருத்தல் வேண்டும். அஃது இலங்கையிலேயே பொதியிடப்பட்டிருத்தல் வேண்டும். சபையின் தர நியமங்களுக்கு அமைதல் வேண்டும். பிறநாட்டுத் தேயிலையோடு கலக்கப்பட்டதும் வெளிநாட்டிற் பொதியிடப்பட்டதும் அதனை அணியும் உரிமையற்றவை. இவ்வகையில் அது வெறும் அலங்காரமன்று. நிபந்தனைகளோடு கூடிய, சோதிக்கத்தக்க வாக்குறுதி. 1972இல் நாட்டின் பெயர் மாறிய பின்னரும் 'சிலோன் ரீ' என்னும் பெயர் கைவிடப்படாமைக்கும் காரணம், 1867இல் லூல்கொந்துறவில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைப் பயிரிட்டது முதலாக அப்பெயரில் திரண்ட ஞாபகமேயாகும். புற ஒருசீர்மையின் பெறுமதியை உணர்ந்த செயல் அது.

ஆயின் அந்நிபந்தனைகள் அனைத்தும் இலையைப் பற்றியன. இலையைப் பறித்த கையைப் பற்றியனவல்ல. 'சிலோன் ரீ' என்னும் பெயரை உலகறியச் செய்த உழைப்பு, தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளருடையது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்கு வழிசெய்யும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. இவ்வரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில், தேயிலைக்கு இலங்கைப் பண்டம் என்னும் அடையாளம் ஐயத்துக்கிடமின்றி இருந்தது. அதனைப் பறித்தவர்களுக்கோ இலங்கையர் என்னும் அடையாளம் கேள்விக்குரியதாக இருந்தது. ஆங்கில ஒலிப்பில் 'லயன்' எனப்படும் இலச்சினையும் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் 'லயன்' அறைகளும் ஒலியில் ஒன்றுபடுவது தற்செயலே. எனினும் ஒன்று உலகெங்கும் காட்சிக்கு வைக்கப்படுவதும் மற்றையது பொதியின் எந்தப் பக்கத்திலும் இடம்பெறாமையும் தற்செயலல்ல.

இலச்சினை வாங்குபவருக்கு அளித்த வாக்கை நிறைவேற்றியுள்ளது எனலாம். உற்பத்தி செய்தவருக்கு அஃது எந்த வாக்கையும் அளிக்கவேயில்லை. அளிக்கப்படாத வாக்கை மீறியதாக இலச்சினைமீது குற்றஞ்சாட்டுதல் பொருந்தாது. ஆனால் வாக்குறுதியின் எல்லையை எவர் வகுத்தனர் என வினவுதல் திறனாய்வின் உரிமையும் கடமையுமாகும். செய்தவரின் முகம் மறைந்த இடத்தில் தோன்றியதே வியாபாரக் குறி என முன்னர்க் கூறப்பட்டது. அம்முகத்தை அது மீண்டும் நினைவூட்டுகின்றதா, அன்றி மறைவை நிரந்தரமாக்குகின்றதா என்பதே அதன் இறுதிச் சோதனை.

7

தொகுத்து நோக்குமிடத்து, இலச்சினையொன்றை மதிப்பிட மூன்று வினாக்கள் இன்றியமையாதன. கண்டவுடன் இனங்கண்டு, எவ்விடத்தும் எவ்வளவிலும் சிதையாது நினைவில் நிறுத்தக்கூடியதாக அது வரையப்பட்டுள்ளதா? நிறுவனத்தின் எழுத்திலும் கட்டடத்திலும் சேவையிலும் அதே சிந்தனை தொடர்கின்றதா? அது வாக்களிப்பதை நிறுவனத்தின் நடைமுறை ஒவ்வொரு நாளும் மெய்ப்பிக்கின்றதா? முதலாவது வினா ஓவியருக்கும் இரண்டாவது வடிவமைப்பாளருக்கும் உரியன. மூன்றாவதற்கு விடை கூறவேண்டியவர் நிருவாகத்தினர். அதனைக் கேட்கவேண்டியவர் பொதுமக்கள்.

வடிவமைப்பு இன்று ஒரு கல்வித்துறையாக வளர்ந்துவிட்டது. கணினியின் வருகையால் இலச்சினை வரைதல் எவருக்கும் எளிதாயிற்று. சில நிமிடங்களில் நூறு வடிவங்களைப் பெறுதல் இயலும். இவ்வெளிமை முதலாவது வினாவை மட்டுமே எளிதாக்கியுள்ளது. ஏனைய இரண்டும் 1908இல் எவ்வளவு கடினமாக இருந்தனவோ அவ்வளவு கடினமாகவே இன்றும் இருக்கின்றன. ஓவியரல்லாத பிராங் பிக் இத்துறையின் முன்னோடியாகக் கொள்ளப்படுவதன் நியாயமும் இதுவே. மேடையில் நின்று நிலையத்தின் பெயரைத் தேடும் பயணியின் நிலையை அவர் உணர்ந்திருந்தார். அவ்வுணர்வை வடிவமாக்க வல்லோரைத் தேடி அழைத்தார். அந்த உணர்வு நிலைத்திருக்கும்வரை வளையமும் பட்டையும் பொருளுடையன. அது நீங்கிய நாளில் அவை வெறும் வளையமும் பட்டையுமே.